கரடி எழும் வரை

டூசான், அரிசோனா
1991 டிசம்பர் 15

ஆல்டன்,

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை நேரே விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டான் என் மகன் கிரெக். உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். பறவைகளுக்கு வைத்த தீனிப்பெட்டியை நிரப்பப் போய் ஐஸில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவளுக்கு உங்கள் கோட்டைப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பனியிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நேரத்திலும் உங்கள் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்: "இந்தக் கருமம் பிடிச்ச பெட்டியால ஒருநாள் இப்படி ஆகும்னு நான் சொல்லல?" சொன்னீர்கள், ஆல்டன். பல தடவை சொன்னீர்கள்.

போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டாது. அதனால் எழுதுகிறேன். ஓர் உதவி வேண்டும். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கிறேன் என்பதும் தெரியும். என் தீனிப்பெட்டிக்கு வந்த கரடி வேலி தாண்டி உங்கள் தேனீப்பெட்டிகளைத் தின்று தீர்த்த அந்த வசந்தத்திலிருந்து நீங்கள் என்னை 'திருமதி கோல்பர்ன்' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அதற்கு முன்பு நான் வெர்னாவாக இருந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

பெட்டியைக் காலியாக விடாதீர்கள். இலையுதிர்காலத்தில் பழக்கிவிட்டு நடுப்பனியில் கைவிடுவது பாவம். சூரியகாந்தி விதை பின்கட்டுத் தகர டப்பாவில் இருக்கிறது. மூடிமேல் இருக்கும் செங்கல்லை மறக்காமல் திரும்ப வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் ரக்கூன் வந்து கையாலேயே திறந்துவிடும். சாவி தபால் நிலையத்தில் ஐடாவிடம். கறுப்புத் தலைச் சிட்டுகள் என் கையிலிருந்தே எடுத்துத் தின்னும். அவற்றுக்குப் புது ஆளைக் கண்டால் பயம். சமையலறைக் கதவின் ஆணியில் என் சிவப்புக் கம்பளித் தொப்பி தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு போனால் நான்தான் என்று நினைத்து வரும்.

எல்லாம் குளிர்காலத் தூக்கத்திலிருந்து கரடி எழும் வரைதான். ஏப்ரல் பிறந்ததும் இறக்கிவிடுங்கள். வருடா வருடம் மார்ச் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று அதை ஊருக்கே சொல்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெர்னா


ஈஸ்ட் கார்லோ, வெர்மான்ட்
1992 ஜனவரி 2

திருமதி கோல்பர்னுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டியை நிரப்பினேன். காலையில் நிரப்பியது மதியம் காலி. தின்றது பறவை இல்லை, சாம்பல் அணில்கள். பூனை அளவுக்கு வளர்த்து வைத்திருக்கிறீர்கள். அதில் காது கிழிந்த ஒன்று பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டு, நான் வந்தால் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கிறது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் போல.

கம்பத்துக்கு டிராக்டர் கிரீஸ் தடவினேன். ஏறியது, பாதியில் சறுக்கிக் கீழே வந்தது, மறுபடி ஏறியது. அரை நாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் கிரீஸ் எல்லாம் அதன் வயிற்றில் ஒட்டிப் போய்விட்டது, கம்பம் சுத்தம். இன்னொரு டப்பா வாங்கப் போகிறேன்.

தொப்பியெல்லாம் போட முடியாது. மளிகைக் கடை ரோலண்ட் பார்த்தால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பான்.

வீட்டுக் குழாய்கள் உறையவில்லை. பார்த்துக்கொள்கிறேன்.

ஆ. ஹேஸ்


டூசான்
ஜனவரி 14

ஆல்டன்,

கிரீஸை இன்றே துடையுங்கள்! அணிலுக்கு அது விளையாட்டு. அதே கிரீஸ் ஒரு சிட்டின் இறகில் ஒட்டினால், அந்தக் குளிரில் அது விடிவதற்குள் விறைத்துச் செத்துவிடும். உங்கள் வீட்டில் பழைய அடுப்புப் புகைக்குழாய் கிடக்குமே, அதில் ஒரு துண்டைக் கம்பத்தில் கோத்து, பெட்டிக்குக் கீழே லேசாக ஆடும்படி தொங்கவிடுங்கள். மேல்பக்கத்தைக் கம்பிவலையால் அடையுங்கள். அணில் கம்பத்தில் ஏறிக் குழாய்க்குள் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ரக்கூனுக்கும் அதே கதி. கம்பத்தையும் கூரை ஓரத்திலிருந்து தள்ளி நடுங்கள், மேலிருந்து குதித்துவிடும். விதையில் மிளகாய்த்தூள் கலக்கலாம். பறவைக்குக் காரம் தெரியாது, அணிலுக்குத் தெரியும்.

இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் பெரிய ஜன்னல். வெளியே கூழாங்கல்லும் முள்ளும் வெயிலும். பறவைக்குத் தீனி வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சட்டம். வைத்தால் எலி வருமாம், காட்டுப்பன்றி மாதிரி ஒரு கூட்டம் வருமாம். நான் பிஸ்கட்டை நொறுக்கி ஜன்னல் விளிம்பில் போட்டேன். மறுநாளே கதவில் எச்சரிக்கைச் சீட்டு. மருமகள் டயான் நல்ல பெண், ஆனால் முகம் சிவந்துவிட்டது. "அத்தை, இங்கல்லாம் அப்படிப் பண்ணக் கூடாது, பக்கத்துல இருக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவது எனக்குப் பழக்கம்தான் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

காலையில் கண் விழித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. ஹீட்டரின் இரைச்சல்தான்.

அந்த வால் இல்லாத சிட்டு வருகிறதா? எழுதுங்கள். எது வந்தது, எது வரவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

வெர்னா


ஈஸ்ட் கார்லோ
பிப்ரவரி 9

திருமதி கோல்பர்னுக்கு,

கிரீஸைத் துடைத்தேன். மண்ணெண்ணெய் போட்டு, பிறகு சோப்புப் போட்டு, பிறகு வெந்நீர் ஊற்றி. இறகு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

புகைக்குழாய் வேலை செய்கிறது. காதுகிழிந்தவன் உள்ளே போனான், வெகுநேரம் யோசித்தான், வெளியே வந்து என்னைப் பார்த்துக் கத்தினான். எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று கேட்டதில்லை. மிளகாய்த்தூள் கலக்கும்போது காற்று திரும்பிவிட்டது. மதியம் வரை நான்தான் தும்மினேன். பிறகு பாவம் பார்த்து அணில்களுக்குத் தனியாகக் காட்டோரக் கட்டைமேல் மக்காச்சோளம் வைக்கிறேன். ஊரில் சொல்ல வேண்டாம்.

வால் இல்லாதது வருகிறது. கடைசியாக வந்து முதலில் போகிறது. நீல ஜே பறவைகள் வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொள்கின்றன. மரங்கொத்தி ஒன்று, பெட்டியோரம் நான் கட்டிவைத்த கொழுப்புத் துண்டைத் தலைகீழாகத் தொங்கித் தின்கிறது. நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் ஒன்று கீழே சிந்தினதைப் பொறுக்கியது. அதை நான் விரட்டவில்லை, அது சொன்னபடி நான்தான் விலகினேன்.

இன்னொன்று. தொப்பியைப் போட்டேன். வேறு வழி இல்லை, நான் கிட்டே போனால் ஒன்றும் வரவில்லை. போட்டுக்கொண்டு கையை நீட்டி நின்றேன். கால் மரத்துப்போன பிறகு ஒன்று வந்து கட்டைவிரலில் உட்கார்ந்தது. அதற்கு எடையே இல்லை. கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் இத்தனை வருடம் அதைத் திட்டியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஐடா தபாலோடு வந்தாள். "அடக் கடவுளே, ஒரு நிமிஷம் வெர்னாதான் திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன்! மூஞ்சிதான் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கு" என்றாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் சமையலறையில் விளக்கு எரியாதது இன்னும் பழகவில்லை.

ஆ. ஹேஸ்


டூசான்
பிப்ரவரி 24

ஆல்டன்,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்து தினமும் படிக்கிறேன். நீங்கள் சிவப்புத் தொப்பியோடு நிற்பதை நினைத்துச் சிரித்ததில் இடுப்பு வலித்தது. பிறகு சிரிப்பு நின்ற இடத்தில் அழுகை வந்தது. அந்தச் சிட்டின் நகம் விரலில் பதிவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். உலகத்தில் அதை நான் பேசக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான், எவ்வளவு வேடிக்கை பாருங்கள்.

கேளுங்கள், முக்கியமான விஷயம். கிரெக் வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டான். பாஸ்டன்காரர்கள், கோடையில் மட்டும் வந்து தங்குவார்களாம். ஏப்ரல் முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். "அம்மா, அந்தக் குளிர்ல உன்னைத் தனியா விட்டுட்டு நான் எப்படித் தூங்கறது?" என்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை. இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறேன். ஐஸில் நடக்க முடியாது. ஒரு வாளி விதையைத் தூக்கிக்கொண்டு கம்பம் வரை போக முடியாது. அங்கே வந்து நான் என்ன செய்வது?

உங்களிடம் நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடட்டுமா?

வெர்னா


ஈஸ்ட் கார்லோ
மார்ச் 8

திருமதி கோல்பர்னுக்கு,

வீடு உங்களுடையது. முடிவும் உங்களுடையது. அடுத்த வீட்டுக்காரன் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கூரை நன்றாக இருக்கிறது, அதை வாங்குகிறவர்களிடம் சொல்லலாம்.

சாறு இறக்க மேப்பிள் மரங்களில் வாளி மாட்டிவிட்டார்கள். பாதையெல்லாம் சேறு. ஊர்க்கூட்டம் நடந்தது. சாலை போடும் லாரி பற்றியே பேசித் தீர்த்தார்கள். காதுகிழிந்தவன் மக்காச்சோளத்துக்கு நேரத்துக்கு வருகிறான். சிவப்புத் தோள் கரும்பறவைகள் தெற்கிலிருந்து வந்துவிட்டன. வால் இல்லாததற்கு வால் முளைக்கிற மாதிரி இருக்கிறது.

ஆ. ஹேஸ்


டூசான்
மார்ச் 20

திரு. ஹேஸ் அவர்களுக்கு,

பதிலுக்கு நன்றி. கூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஐடா போன் செய்தாள். இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் நீங்கள் எழுந்திருக்கவே இல்லையாமே. ஒவ்வொரு மார்ச்சும் எழுந்து நின்று, "கரடி எழுந்தாச்சு, தீனிப்பெட்டிய இறக்குங்க, யாருன்னு பேர் சொல்ல மாட்டேன்" என்பீர்கள். மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்க்கும். நானும் தலைகுனிந்து வணக்கம் வைப்பேன். இந்த வருடம் தலைவரே, "ஆல்டன், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாராம். நீங்கள் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தீர்களாம். உடம்பு சரியில்லையோ என்று ஊரே கவலைப்பட்டதாம். நான் இல்லாத இடத்தில் அதைச் சொல்வதில் சுவாரசியம் இல்லைபோலும்.

ஏப்ரல் முதல் தேதி பெட்டியை இறக்கிவிடுங்கள். குளிர்காலம் முழுக்க நீங்கள் செய்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதோடு உங்கள் வேலை முடிந்தது. இனிமேல் சிரமப்பட்டு எழுத வேண்டாம். ஏப்ரல் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன்.

தொப்பியை ஐடாவிடம் கொடுத்துவிடுங்கள்.

வெ. கோல்பர்ன்


ஈஸ்ட் கார்லோ
ஏப்ரல் 13

வெர்னா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். வேண்டுமென்றால் படிக்காமல் அடுப்பில் போடுங்கள். ஆனால் ஐடா சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

நான் பெட்டியை இறக்கவில்லை.

ஏப்ரல் ஒன்று அன்று ஏணியைக் கொண்டுபோய்க் கம்பத்தில் சாய்த்தேன். ஏறினேன். பெட்டியில் கை வைத்தேன். பிறகு நிரப்பிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அடுத்த நாளும் நிரப்பினேன். மலையில் பனி முழுக்க உருகிவிட்டது, எந்த முட்டாளுக்கும் தெரியும் கரடி இறங்கி வருகிற காலம் என்று. எனக்குத் தெரியாதா? ஊருக்குச் சொன்னவனே நான்.

போன வியாழக்கிழமை காலை காபி போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். உங்கள் முற்றத்தில் ஒரு பெண் கரடி. கம்பத்தை நாணல் மாதிரி வளைத்து, புகைக்குழாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாவகாசமாக நக்கியது. நான் உள்ளாடையோடு வெளியே ஓடி வாணலியைத் தட்டினேன். தலையில் உங்கள் தொப்பி. காலையில் அதைத்தான் முதலில் போடுகிறேன், வழக்கமாகிவிட்டது. கரடி என்னை ஒரு பார்வை பார்த்தது. தனக்குத் தீனி கொடுக்க வந்த நீங்கள்தான் என்று நினைத்ததோ என்னவோ, அவசரமே படவில்லை. முழுக்கத் தின்றுவிட்டு நேராக என் தேனீப்பெட்டிகளுக்குப் போனது. மின்வேலிக்கு நான் இன்னும் மின்சாரம் கொடுத்திருக்கவில்லை. வருடா வருடம் ஏப்ரல் ஒன்றாம் தேதி, உங்கள் பெட்டி இறங்குகிற அன்றுதான் வேலியை முடுக்குவேன். இந்த வருடம் அது இறங்கவில்லை, இதுவும் மறந்துபோயிற்று.

ஒரு பெட்டி தவிர எல்லாம் போச்சு. அடையெல்லாம் சேற்றில். குளிர்காலம் முழுக்கப் பிழைத்து வந்த தேனீக்கள், விறைத்துப்போய்ப் புல்லில் ஊர்ந்தன. நான் கையால் அள்ளி அள்ளி மிச்சப் பெட்டியில் விட்டேன்.

ரோலண்ட் வந்து பார்த்தான். "ஏம்ப்பா, வருஷாவருஷம் எங்களுக்குப் பாடம் எடுத்த வாய் இதுதானே?" என்றான். கொஞ்சநேரம் கழித்து, "வெர்னா மேல கோவமா?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எனக்குக் கோபமே வரவில்லை என்று. அந்தத் தடவை ஒரு வசந்தம் முழுக்க உங்களோடு பேசாமல் இருந்தவன் நான். இந்தத் தடவை சேற்றில் மண்டியிட்டுக்கொண்டு நான் யோசித்தது, இதை வெர்னாவுக்கு எப்படி எழுதுவது என்றுதான். நீங்கள் எங்கே சிரிப்பீர்கள், எங்கே திட்டுவீர்கள் என்றுதான்.

ஏன் இறக்கவில்லை என்று சொல்கிறேன். பெட்டி இருக்கும்வரை எனக்கு உங்களுக்கு எழுத விஷயம் இருந்தது. அணில் வந்தது, ஜே வந்தது, வால் முளைத்தது. பெட்டியை இறக்கிவிட்டால் நான் எதை எழுதுவேன்? கூட்டத்தில் எழுந்து "இறக்குங்க" என்று சொன்னால், நானும் இறக்க வேண்டும். அதனால் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்கு நான் கூரை என்று பதில் எழுதினேன். இத்தனை வயதுக்கு அப்புறம் ஒரு பெண்ணிடம் இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராமல் போனதற்குத் தேனீக்கள்தான் விலை கொடுத்தன. இப்போது சொல்கிறேன்: கையெழுத்துப் போடாதீர்கள். ஐஸில் நீங்கள் கால் வைக்க வேண்டாம். விதையை நான் கொண்டுபோகிறேன், நான் நிரப்புகிறேன், உங்கள் வாசலில் பனியை நான் தள்ளுகிறேன். என் வீடும் உங்கள் வீடும் பார்க்கிற மாதிரி நடுவில் புதுக் கம்பம் நடுகிறேன். நீங்கள் ஜன்னலில் நின்று தப்பு கண்டுபிடித்தால் போதும். மகனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவன் தூங்கலாம்.

விளக்கு எரியாத அந்த ஜன்னலை இன்னொரு குளிர்காலம் என்னால் பார்க்க முடியாது, வெர்னா. வந்துவிடுங்கள்.

ஆல்டன்


டூசான்
ஏப்ரல் 21

ஆல்டன்,

கடிதத்தைக் கிரெக்கிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "அம்மா, இவர்தானே நீ கீழ விழுந்தப்பக்கூட உன்னைத் திட்டுனவரு?" என்றான். ஆமாம் என்றேன். "இவரு நெஜமாவே பனி தள்ளுவாரா?" என்றான். அவர் தள்ளவில்லை என்றால் கரடியை அனுப்புவார் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் பாஸ்டன்காரர்களுக்குப் போன் செய்ய மாடிக்குப் போனான். டயான் என் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "அத்தை, அங்க போனதும் பறவைங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். அவளைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு.

உங்கள் தேனீக்களுக்காக அழுதேன். விறைத்ததையெல்லாம் கையால் அள்ளினீர்கள் என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மேலே படிக்கப் பயமாக இருந்தது. இப்படி எழுதத் தெரிந்த மனிதன் ஏன் கூரையைப் பற்றி எழுதினான் என்று கோபமும் வந்தது. அந்தக் கூரைக் கடிதத்துக்கு நான் எத்தனை நாள் அழுதேன் என்று நேரில் சொல்கிறேன், தயாராக இருங்கள். நானும்தான் எழுதியிருக்க வேண்டும். வால் இல்லாத சிட்டைப் பற்றிக் கேட்ட கடிதத்திலெல்லாம் நான் கேட்டது உங்களைத்தான்.

புதுக் கம்பத்தை இப்போதே நடாதீர்கள்! நல்ல உறைபனி விழட்டும், கரடி மறுபடி தூங்கப் போகட்டும். அதுவரை கோடையில் நமக்குப் பேச ஒன்றும் இருக்காதே என்று பயப்பட வேண்டாம். நாம் சண்டை போட ஆயிரம் இருக்கிறது.

மே ஆறாம் தேதி மதியப் பேருந்தில் தபால் நிலையத்தில் இறங்குவேன். நீங்கள் தொப்பியை ஐடாவிடம் கொடுக்கவில்லை என்று தெரியும். அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். ரோலண்ட் பார்க்கட்டும்.

வெர்னா


ஈஸ்ட் கார்லோ
ஏப்ரல் 29

வெர்னா,

உங்கள் வீட்டு ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டேன். அடுப்புக்கு விறகு பிளந்து வைத்திருக்கிறேன். வளைந்த கம்பத்தை எடுத்துவிட நினைத்தேன், பிறகு நீங்களே பார்த்துத் திட்டுங்கள் என்று அப்படியே விட்டிருக்கிறேன். மிச்சமிருந்த பெட்டியில் ராணித்தேனீ உயிரோடு இருக்கிறது, நேற்று பார்த்தேன்.

தொப்பியைத் துவைக்கவில்லை. ஐடா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், பேருந்து நிற்குமிடத்தில் கூட்டம் இருக்கும். மே மாதத்தில் கம்பளித் தொப்பி போட்டவன் அதில் நான் ஒருவன்தான் இருப்பேன். நீங்கள் தேட வேண்டியிருக்காது.

ஆல்டன்